பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் பாரமானால்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பழைய மோட்டார் சைக்கிளில் இயந்திரக் கோளாறு வந்தால் அது தன்னைத் தானே அறிவித்துவிடும். புகை வரும், சத்தம் மாறும், ஸ்டார்ட் ஆகாது. ஸ்டியரிங் கோளாறு அப்படியல்ல. அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். ஓட்டுபவரின் கையும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். ஒருநாள் வேறொருவர் அந்த வண்டியை வாங்கி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "இதை எப்படி ஓட்டுறீங்கள்?" என்று கேட்கும்போதுதான் விடயம் வெளியே வரும்.

நான் வெள்ளவத்தையில் வசிப்பவன். ஹொண்டா சீடி 200 ரகத்தைச் சேர்ந்த 194 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்றை நீண்டகாலமாக ஓட்டிவருகிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவை அதிலேயே யாழ்ப்பாணம் போய்வருவேன். பிழைப்புக்காக வண்டி திருத்துபவன் அல்ல. கொட்டாஞ்சேனையில் நான் போகும் கராஜில் பக்கத்தில் நின்று பார்த்தும், எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் கழற்றிப் பூட்டியும் கற்றுக்கொண்டவற்றை ஓர் ஒழுங்கில் எழுதி வைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இதற்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரி 1 இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ரூபாய் சரிந்தது, உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. சாதாரண காலத்தில் கைமாறியோ கழிவாகியோ போயிருக்கக்கூடிய 30, 40 வயது வண்டிகள் குடும்பத்தின் ஒரே வாகனமாகத் தொடர்ந்து ஓடின, இன்னும் ஓடுகின்றன. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். ஆனால் தனியார் மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலைப் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பரிசோதகர் எவரும் இல்லை. அந்த வேலை சொந்தக்காரருடையது. நம் நாட்டின் வீதி விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பெரும் பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதால், இதைச் சின்ன வேலை என்று ஒதுக்கவும் முடியாது.

முறைப்பாட்டைப் பிரித்துச் சொல்லுங்கள்

"ஹேண்டில் சரியில்லை" என்று சொல்லி வண்டியைக் கராஜில் விட்டால், பெரும்பாலும் ஹேண்டிலைத்தான் கழற்றுவார்கள். கொட்டாஞ்சேனை பாஸ் வண்டியைத் தொடுவதற்கு முன்னர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்த வேகத்தில?" அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்டியரிங் முறைப்பாடுகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது பாரம். நின்ற நிலையிலும் மெதுவாகப் போகும்போதும் ஹேண்டிலைத் திருப்பக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். இரண்டாவது ஒட்டுதல். ஹேண்டில் நேராக இருக்கும் இடத்தில் சற்றுப் பிடித்து, பிறகு விடும். மூன்றாவது ஆட்டம். வண்டி ஓடும்போது தானாக ஆடும். நான்காவது இழுப்பு. கையைத் தளர்த்தினால் எப்போதும் ஒரே பக்கம் போகும்.

மூன்றாவதான ஆட்டத்தை இன்னொரு தடவை பிரிக்க வேண்டும். பிரித்தானியப் பொறியியலாளர் ரொபின் ஷார்ப் 1971 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, மோட்டார் சைக்கிளின் ஆட்டங்களைக் கணித ரீதியாகப் பிரித்துக் காட்டியது. அதில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்றில் முன்சில்லும் ஹேண்டிலும் மட்டும் வேகமாகத் துடிக்கும். செக்கனுக்கு 6 முதல் 10 தடவை வரை, எண்ண முடியாத வேகத்தில். இதை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். மற்றதில் முழு வண்டியும் பாம்பு போல நெளியும். செக்கனுக்கு 2 முதல் 4 தடவை வரை. இதை நெளிவு என்று வைத்துக்கொள்வோம். நடுக்கம் பெரும்பாலும் நடுத்தர வேகத்தில் வரும். வேகத்தைக் குறைத்து வரும்போது கூடுதலாகத் தெரியும். நெளிவு வேகம் கூடக்கூட வளரும். நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் முன்பக்கம். நெளிவுக்குக் காரணத்தைப் பின்பக்கத்திலும், ஏற்றியிருக்கும் சுமையிலும் தேட வேண்டும்.

எனவே கராஜுக்குப் போகுமுன் ஒரு துண்டுக் கடதாசியில் நான்கு விடயங்களை எழுதுங்கள். எந்த வேகத்தில் வருகிறது? தனியாகப் போகும்போதா, பின்னால் ஆள் இருக்கும்போதா? பிரேக் பிடிக்கும்போதா, எக்ஸலேட்டரை விடும்போதா? கடைசியாக அந்த வண்டியில் செய்த வேலை என்ன? கடைசிக் கேள்விக்கு "டயர் மாற்றினேன்" என்பது பதிலானால், தேடலை அங்கிருந்தே தொடங்கலாம்.

முன்சில்லு ஏன் தானாக நேராகிறது

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சின்னச் சில்லைப் பாருங்கள். அது தொங்கும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடுகிறது. அதனால் வண்டி போகும் திசைக்கு அது தானாகத் திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளின் முன்சில்லும் அப்படித்தான். போர்க் சாய்ந்திருக்கும் கோட்டைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய் முட்டும். அந்த இடைவெளி பல வீதி மோட்டார் சைக்கிள்களில் 80 முதல் 120 மில்லிமீற்றர் வரை இருக்கும். இடைவெளி கூடினால் வண்டி நேராகப் போக விரும்பும், ஆனால் திருப்பப் பாரமாக இருக்கும். குறைந்தால் இலகுவாகத் திரும்பும், ஆனால் பதற்றமாக இருக்கும்.

இந்த ஒரு விடயம் புரிந்தால் பின்வரும் பல விடயங்கள் தாமாகவே விளங்கும். பின்பக்க ஷொக் அப்சோபர் தளர்ந்து வண்டியின் பின்பக்கம் பதிந்துவிட்டால், முன் போர்க் மேலும் சாயும், இடைவெளி கூடும், ஹேண்டில் பாரமாகும். அதாவது கோளாறு பின்னால், உணர்வு கையில்.

அத்துடன், சில்லு தானாக நேராக வேண்டுமானால் ஹேண்டில் தடையின்றிச் சுழல வேண்டும். ஓடும் வண்டியின் சமநிலையை ஓட்டுபவர் மட்டும் காப்பதில்லை. முன்சில்லு ஒவ்வொரு கணமும் செய்யும் கண்ணுக்குத் தெரியாத சிறு திருத்தங்களும் காக்கின்றன. ஹேண்டில் இறுகினால் அந்தத் திருத்தங்கள் நின்றுவிடும்.

செலவில்லாத பரிசோதனைகள்

முதலில் காற்று. ஹேண்டில் பாரத்துக்கு மிகச் சாதாரணமான காரணம் முன்டயரில் காற்றுக் குறைவு. இந்த ரகப் பழைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் முன்னால் 25 பிஎஸ்ஐ அளவிலும், பின்னால் 28 முதல் 32 பிஎஸ்ஐ வரையும் கேட்பார்கள். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டிலோ செயின் மூடியில் ஒட்டிய தாளிலோ இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டியை எடுக்குமுன், அளக்க வேண்டும். காலி வீதி நெரிசலில் அரைமணி நேரம் ஓடிவிட்டுப் பெற்றோல் செட்டில் பார்த்தால் கூடுதலாகவே காட்டும். சொந்தமாக ஒரு அழுத்தமானி வாங்கி வைத்திருப்பது நல்லது.

அடுத்தது டயரின் வடிவம். யாழ்ப்பாணம் அடிக்கடி போகும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள்களுக்கு அதிவேக நெடுஞ்சாலைகளில் அனுமதி இல்லை என்பதால் நாம் புத்தளம் வழியாகவோ குருநாகல் வழியாகவோ பழைய வீதிகளில் போய், ஏ9 வீதியைப் பிடிக்கிறோம். வவுனியாவுக்கு வடக்கே நீண்ட நேரான வீதி. அங்கே டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். அந்த டயரில் வண்டியைச் சாய்க்கும்போது முதலில் மறுக்கும், பிறகு தட்டையின் விளிம்பு வந்ததும் திடீரென விழும். இதை ஹேண்டில் பிழை என்று நினைப்பவர் பலர். டயரின் குறுக்காகக் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். வளைவாக இல்லாமல் மேசை போல இருந்தால் டயர் முடிந்துவிட்டது. பள்ளங்கள் இன்னும் ஆழமாகத் தெரிந்தாலும் சரியே.

வயதையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத டயரும் இறுகி வெடிப்பு விடும். 2022 இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்றிருந்த காலத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் பல, அதே டயருடன் மீண்டும் வீதிக்கு வந்தன. "கிடைத்தது இதுதான்" என்று போட்ட அகலமான டயரும் ஹேண்டிலைப் பாரமாக்கும். குறுகிய றிம்மில் அகலமான டயர் சரியான வட்டத்தில் உட்காராது.

மூன்றாவது வயர்கள். எக்ஸலேட்டர், கிளச், பிரேக் வயர்களும் மின்கம்பிக் கட்டும் ஹேண்டிலுடன் சேர்ந்து அசைகின்றன. நீளம் சரியில்லாத மாற்று வயர் போட்டிருந்தாலோ, பாதை மாற்றிக் கட்டியிருந்தாலோ ஒரு பக்கம் திருப்பும்போது இழுக்கும். இயந்திரத்தை நியூட்ரலில் இயக்கி வைத்து, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். இயந்திரத்தின் வேகம் கூடினால் எக்ஸலேட்டர் வயர் இழுபடுகிறது. வீதியில் யூ வளைவு எடுக்கும்போது வண்டி தானாகப் பாயக்கூடிய ஆபத்து இது; உடனே திருத்த வேண்டும்.

நான்காவது சுமை. பின் கரியரில் பெட்டியோ மூட்டையோ கட்டினால் பாரம் பின்சில்லின் அச்சுக்கும் பின்னால் போகிறது. முன்சில்லு இலேசாகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பும்போது, போகும்போது ஒழுங்காக இருந்த வண்டி நெளிந்தால் வண்டியைக் குறை சொல்ல முடியாது. பாரத்தை முன்னுக்கும் கீழுக்கும் கொண்டுவாருங்கள். இருக்கையின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடுங்கள். அதேபோல ஆனையிறவில் வெளியான இடத்தில் அடிக்கும் பக்கக் காற்றில் எந்த வண்டியும் சற்று அசையும். அது கோளாறல்ல.

கோன் செட்

இவை நான்கும் சரியென்றால்தான் ஹேண்டில் பேரிங்குக்கு வரவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் இது கிண்ணமும் கூம்பும் அவற்றுக்கிடையே உதிரிக் குண்டுகளுமாக இருக்கும். நம் ஊரில் கோன் செட் என்பார்கள். மற்றப் பேரிங்குகளைப் போல இது முழுதாகச் சுற்றுவதில்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு சிறு கோணத்துக்குள் அசைந்துகொண்டே, குழிகளின் அடியையெல்லாம் வாங்குகிறது. நேராகப் போகும்போது குண்டுகள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நாளடைவில் ஒவ்வொரு குண்டும் தனக்கென ஒரு சிறு குழியைக் கிண்ணத்தில் தோண்டிக்கொள்ளும். ஹேண்டில் நேராக இருக்கும்போது "ஒட்டுவது" இதனால்தான்.

பரிசோதனை இலகுவானது. வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இயந்திரத்தின் கீழ் மரக்கட்டை வைத்து முன்சில்லைத் தரையிலிருந்து தூக்குங்கள். வயர்கள் இழுக்காமல் இருக்கட்டும். ஹேண்டிலை நடுவில் வைத்து ஒரு விரலால் தட்டினால், அது தன் பாரத்தில் மெதுவாக ஒரு பக்கம் விழ வேண்டும். மற்றப் பக்கமும் அப்படியே. தட்டியும் நகரவில்லை என்றால் இறுக்கம் கூடுதல். நடுவில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கிண்ணம் குழி விழுந்திருக்கிறது. மணல் அரைபடுவது போலக் கையில் உணர்ந்தால் கிறீஸ் போய் கறள் பிடித்திருக்கிறது.

அடுத்து, ஒருவர் வண்டியைப் பிடித்திருக்க, நீங்கள் முன்னால் குந்தியிருந்து இரண்டு போர்க் கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். "டிக்" என்று ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. கீழ்க் கூம்பும் சட்டகமும் சேரும் இடத்தில் விரலை வைத்தால் அந்த அசைவு தெரியும். அசைவு அங்கே இல்லாமல் போர்க்கின் உள்குழாயும் வெளிக்குழாயும் சேரும் இடத்தில் தெரிந்தால், தேய்ந்திருப்பது போர்க் புஷ். முன் பிரேக்கைப் பிடித்து ஆட்டும் பழக்கமும் உண்டு. ஆனால் டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் தட்டின் தளர்வும் அதே சத்தத்தைத் தரும்.

இன்னும் நுட்பமாகப் பார்க்க விரும்பினால் மீன்கடையில் தொங்கும் சுருள்வில் தராசு போதும். பல தயாரிப்பாளர்களின் சேர்விஸ் கையேடுகள், போர்க் காலில் தராசை மாட்டிச் சில்லுக்குச் செங்குத்தாக இழுக்கும்போது எத்தனை கிலோ பலத்தில் ஹேண்டில் அசையத் தொடங்க வேண்டும் என்று குறிப்பிடுகின்றன. உங்கள் வண்டிக்கான அளவைத் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள்.

நட்டை இறுக்குவது மருந்தல்ல

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் என்று வரும் வண்டிக்குக் காரணம் பார்க்காமல் ஹேண்டில் நட்டை அரைச்சுற்று இறுக்கி அனுப்பும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உடனே பலன் தெரியும். இறுகிய பேரிங் உராய்வால் நடுக்கத்தை அமுக்கிவிடும். வாடிக்கையாளர் திருப்தியுடன் போவார்.

கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் என் நண்பர் ஒருவரின் 125 சிசி வண்டிக்கு இதுதான் நடந்தது. 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஆடுகிறது என்று ஒரு கராஜில் விட்டார். இறுக்கிக் கொடுத்தார்கள், ஆட்டம் நின்றது. இரண்டு வாரம் கழித்து, மகளைப் பின்னால் இருத்திப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும்போது, ஆமர் வீதிச் சந்தி நெரிசலில் வண்டியை நேராக வைத்திருக்க முடியவில்லை. நடை வேகத்தில் இடமும் வலமுமாகத் தள்ளாடி ஒரு கொள்கலன் லொறியின் பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றி நிறுத்திவிட்டார். லொறியும் அந்த நேரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதனால் கதை அத்துடன் முடிந்தது.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பார்த்தோம். ஹேண்டில் தட்டியும் நகரவில்லை. நட்டைச் சரியான அளவுக்குத் தளர்த்தினோம். பிறகு பின்சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால், ஸ்விங் ஆர்ம் அதன் புஷ்ஷிலேயே ஆடியது. முதலில் அவர் சொன்ன ஆட்டம் முழு வண்டியின் நெளிவு. அது பின்னாலிருந்து வந்தது. புஷ் மாற்றியதும் போய்விட்டது. கோன் செட்டில் தொடக்கத்திலிருந்தே ஒரு பிழையும் இருக்கவில்லை.

இறுகிய ஹேண்டில் தளர்ந்ததைவிட ஆபத்துக் குறைந்ததல்ல. தளர்ந்தது வேகத்தில் ஆடும். இறுகியது மெதுவான வேகத்தில் தள்ளாட வைக்கும். கொழும்பு நகருக்குள் நாம் கூடுதலாக ஓட்டுவது அந்த மெதுவான வேகத்தில்தான்.

பின்பக்கத்தையும் பாருங்கள்

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போதே இவற்றைச் செய்துவிடலாம். பின்சில்லின் பின்முனையைப் பிடித்து இடமும் வலமும் இழுங்கள். ஸ்விங் ஆர்ம் சட்டகத்துடன் சேரும் இடத்தில் அசைவு தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அங்கே அசைவில்லாமல் சில்லு மட்டும் ஆடினால் சில்லுப் பேரிங். முன்சில்லையும் மேலும் கீழும் பிடித்து இதேபோலப் பாருங்கள்.

கம்பிச் சில்லானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கமான கம்பி மணி போல ஒலிக்கும். தளர்ந்தது "டொக்" என்னும். சில்லைச் சுற்றிவிட்டு, றிம் பக்கவாட்டில் ஆடுகிறதா என்று ஒரு பென்சிலை அருகில் பிடித்துப் பார்க்கலாம்.

இழுப்பு முறைப்பாடு உள்ளவர்கள் சில்லுகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நீண்ட நூல் ஒன்றைப் பின்டயரின் பின்புறமாகச் சுற்றி, இரண்டு பக்கமும் முன்சில்லு வரை இழுத்துப் பிடியுங்கள். நூல் பின்டயரின் முன்விளிம்பையும் தொடும் நிலையில், முன்டயருக்கு இரண்டு பக்கமும் சம இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் செயின் இறுக்கும்போது ஒரு பக்க அட்ஜஸ்டரைக் கூடுதலாகத் திருகியிருக்கலாம். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல் நூலை நம்புங்கள்.

போர்க்கும் சட்டகமும்

சின்ன விழுகைக்குப் பிறகு சில்லு நேராக இருக்க ஹேண்டில் கோணலாக நின்றால் பலர் போர்க் வளைந்துவிட்டதாகப் பயப்படுவார்கள். பெரும்பாலும் போர்க் கால்கள் அவற்றைப் பிடிக்கும் தட்டுகளுக்குள் முறுகியிருக்கும், அவ்வளவுதான். முன் அச்சையும் கீழ்த்தட்டின் போல்ட்களையும் தளர்த்தி, நேராக்கி, சில தடவை முன்பக்கத்தை அமுக்கிவிட்டு, மீண்டும் ஒழுங்காக இறுக்கினால் சரியாகும். இரண்டு கால்களும் மேல்தட்டில் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். அதன் பின்னும் கோணலென்றால் உள்குழாயைக் கழற்றிக் கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்க்கலாம். வளைந்த குழாய் கண்ணாடியில் இடைவெளி காட்டும்.

சட்டகம் வளைந்திருப்பது கடைசிச் சந்தேகமாகவே இருக்கட்டும். பலத்த விபத்தின் வரலாறு இல்லாத வண்டியில் அது அரிது. ஆனால் கைமாறி வந்த பழைய வண்டியின் முழு வரலாறு யாருக்கும் தெரியாது. ஹேண்டில் குழாயைச் சுற்றிச் சட்டகத்தின் கீழ்ப்பக்கத்தில் வண்ணம் மடிந்தோ வெடித்தோ இருந்தால் கூர்ந்து பாருங்கள்.

கடற்காற்றும் பஞ்சிகாவத்தையும்

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் வண்டி நிறுத்துபவர்களுக்குக் கறளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உப்புக் காற்று பேரிங்குக்குள் நேரடியாகப் போவதில்லை; ஈரத்துடன் சேர்ந்து மேல்மூடியின் விளிம்பால் இறங்கும். அதைவிடக் கெடுதலானது சேர்விஸ் நிலையத்தின் அழுத்த நீர். ஹேண்டிலின் கழுத்தை நோக்கி நேராக அடித்தால் கிறீஸ் வெளியேறி நீர் உள்ளே தங்கும். வண்டி கழுவுபவரிடம் அந்த இடத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் வசிப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி, துடைத்து, நீர் தாங்கும் கிறீஸ் நிரப்பிப் பூட்டுவது நல்லது.

பேரிங் மாற்றத்தான் வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தையில் தேடலாம். பழைய கிண்ணங்களைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். மேலும் கீழும் குண்டுகளின் அளவும் எண்ணிக்கையும் வேறாக இருக்கக்கூடும். கழற்றும்போதே தனித்தனியாக எண்ணி எழுதி வையுங்கள். புதிய கிண்ணத்தில் பழைய குண்டைப் போடாதீர்கள். மலிவான செட்டுகளில் உலோகம் மென்மையாக இருந்தால் சில மாதங்களில் மீண்டும் குழி விழும். சிலர் கூம்பு உருளைப் பேரிங்குக்கு மாற்றுவார்கள். பாரமான நெடுந்தூர வண்டிகளில் இது பழைய வழக்கம். அளவு சரியாகப் பொருந்தினால் நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அதை இறுக்கும் அளவு வேறு. உதிரிக் குண்டுக்குச் செய்தது போலக் கைப்பழக்கத்தில் இறுக்கக் கூடாது.

பூட்டும்போது ஒரு நுணுக்கம். மேல் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது உள்ளேயிருக்கும் அட்ஜஸ்ட் நட்டும் சேர்ந்து அழுத்தப்படும். எனவே எல்லாம் இறுக்கிய பின் ஒரு விரலால் தட்டும் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். புதிய பேரிங் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் படிந்து சற்றுத் தளரும். அப்போது இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

ஓடும்போது நடுக்கம் வந்தால்

சோதிப்பதற்காக ஹேண்டிலிலிருந்து கைகளை எடுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். நடுக்கம் வந்துவிட்டால் ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காமல் அணைத்தபடி வைத்திருங்கள். உடலைச் சற்று முன்னால் சாய்த்து முன்சில்லுக்குப் பாரம் கொடுங்கள். எக்ஸலேட்டரை மெதுவாக விடுங்கள். முன் பிரேக்கைத் திடீரெனப் பிடிக்க வேண்டாம். வண்டி அமைதியானதும் ஓரத்தில் நிறுத்தி, டயர் காற்றையும் சுமையையும் முதலில் பாருங்கள்.

பரிசோதனையில் ஹேண்டில் நடுவில் ஒட்டினாலோ, ஸ்விங் ஆர்ம் ஆடினாலோ, டயரில் வெடிப்புத் தெரிந்தாலோ அந்த வண்டியில் பின்னால் ஆளை ஏற்ற வேண்டாம். தூரப் பயணமும் வேண்டாம். காற்று, டயர், சுமை, வயர் ஆகியவை மட்டும் பிழையென்றால் அன்றைக்கே தீர்த்துவிடலாம்.

இந்த முழுப் பரிசோதனைக்கும் ஒரு ஞாயிறு காலை, ஒரு மரக்கட்டை, ஒரு அழுத்தமானி, கொஞ்சம் நூல், உதவிக்கு ஒருவர் போதும். வரிசை இதுதான்: காற்று, டயர், சுமை, வயர், ஹேண்டில் பேரிங், சில்லுப் பேரிங்கும் கம்பிகளும், ஸ்விங் ஆர்மும் ஷொக் அப்சோபரும், நூல் பிடித்து நேர் பார்த்தல், போர்க், கடைசியில் சட்டகம். எங்கே பிழை தெரிகிறதோ அங்கே நிறுத்தி, அதைத் திருத்தி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது காரணமென்று தெரியாமலே போய்விடும். அடுத்த தடவை மீண்டும் மூன்றுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும். கராஜில் விடுவதானால், கண்டதை எழுதிய துண்டையும் சாவியுடன் சேர்த்துக் கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது, காசு கொடுக்குமுன், முன்சில்லைத் தூக்கச் சொல்லி ஹேண்டிலை நீங்களே ஒரு விரலால் தட்டிப் பாருங்கள்.